கேட்டோடு திரும்பிப் போன நன்மை

குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டைத் திறக்கவில்லை. ரோஸ்லின் காரை விட்டு இறங்கி, கழுத்தில் தொங்கிய சின்னப் பையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நீ இந்தப் பக்கம் நின்றாய். ஹாலில் என் நாற்காலியிலிருந்து பார்த்தால் உன் முதுகுதான் தெரிந்தது. பேச்சு மட்டும் ஒன்றுவிடாமல் கேட்டது. "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே வீட்டுக்கு வராதீங்க. அம்மாவுக்கு ஜெபம் பண்ணணும்னா உங்க சர்ச்சுலயே பண்ணிக்கோங்க" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய். உன் அப்பா வளர்த்த பிள்ளை, குரலை உயர்த்தவில்லை. "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேனே தம்பி" என்றாள் ரோஸ்லின். "நான் சொல்லிக்கிறேன்" என்றாய். கார் கிளம்பிப் போனது. என் முன்னால் சின்ன மேசை, அதில் வெள்ளைத் துணி, ஒரு சிலுவை, எரிகிற மெழுகுவத்தி, ஒரு தம்ளர் தண்ணீர். நோயாளிக்கு நோன்பு வேண்டாம் என்று சர்ச்சுச் சாமியார் சொல்லியும் காலையிலிருந்து வாயில் ஒன்றும் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளே வந்தாய், மெழுகுவத்தியை ஊதி அணைத்தாய், "வாங்கம்மா, பசியாறலாம்" என்றாய்.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியுமா? பூசையில் சாமியார் கையால் நாங்கள் வாங்குகிற அப்பம். இப்போது எல்லாரும் நற்கருணை என்கிறார்கள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அதற்கு 'நன்மை' என்றுதான் பெயர். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதை ஒரு சிமிழில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ரோஸ்லினுக்குக் கோயிலில் கொடுத்திருக்கிற வேலை அதுதான். எங்களுக்கு அது வெறும் அப்பம் இல்லை, அடையாளமும் இல்லை. அது கடவுளே. நீ நம்ப வேண்டியதில்லை. ஆனால் யாரைக் கேட்டோடு திருப்பி அனுப்பினாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேசி நான் உன்னிடம் ஜெயித்ததே இல்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வரும். நான் அழுதால் நீ இரங்கிவிடுவாய். நீ இரங்கிவிட்டால் பேச வந்த விஷயம் செத்துப்போகும். அதோடு, பொழுது விடியுமுன் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறாய், எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு முகம் கறுத்துத் திரும்புகிறாய். வாயைத் திறந்தால், "நாளைக்குப் பேசலாம்மா" என்கிறாய். ஆகவே மருமகள் கவிதா வேலைக்கும் உங்கள் பாப்பா நர்சரிக்கும் போன பிறகு எழுதுகிறேன். வாசலில் சத்தம் கேட்டால், வாத்தியாருக்குப் பயந்த பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி தாளை மெத்தைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். ஆமாம், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என்னைக் குளிப்பாட்ட ஆள் வைத்திருப்பது நீ, மருந்து வாங்குவது நீ, படுத்திருக்கும் கட்டில் நீ வாங்கியது. இத்தனையையும் செய்கிறவனை எதிர்த்துப் பேச யாருக்கும் பயம் வரும். பயம் போகட்டும் என்று காத்திருக்க எனக்கு வயதில்லை. அதனால் பயத்தோடேயே எழுதுகிறேன்.

"நாப்பது வருஷமா இல்லாத சாமி இப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கேட்டாய். அதற்குப் பதில் சொல்கிறேன். எங்கேயிருந்தும் வரவில்லை. உன் சாம்பாரிலேயே இருந்தது. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் சைவம்தானே. உன் அப்பா முருகனுக்காகச் சாப்பிட்டார், உன்னையும் உன் தங்கையையும் அப்படியே பழக்கினார். நான் யாருக்காகச் சாப்பிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கவிச்சி தொடக்கூடாது என்பது நான் என் அம்மாவின் பாலோடு குடித்தது. இயேசு சாமி செத்த கிழமை அது. உன் அப்பாவின் விரதம், என் விரதம், சட்டி ஒன்றுதான். நானே தாளித்து நானே பரிமாறினேன். நீ முருங்கைக்காயைக் கடித்துக்கொண்டு பாடம் படித்தாய். உன் அப்பாவுக்குத் தெரியும். ஒரு தடவை சிரித்துக்கொண்டே, "ஒரே சாம்பாருல ரெண்டு சாமியையும் சமாளிக்கிறியே, கெட்டிக்காரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

நான் ஏன் விலகினேன் என்பதையும் நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள். சாஆ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சின்னக் கோயில் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு சாமியார் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் சொல்வார். நான் உன் அப்பாவை விரும்பினேன், அவர் இந்து. பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். கோயிலில் முறையாக அனுமதி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, கேட்க எங்களுக்குத் தெரியவில்லை, சொல்லித்தரவும் ஆள் இல்லை. கல்யாணமான அடுத்த மாதப் பூசையில் வழக்கம்போல முக்காடு போட்டுக்கொண்டு நன்மை வாங்க வரிசையில் நின்றேன். உபதேசியார் வந்து என் முழங்கையைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கினார். "உனக்கு இல்ல புள்ள, போய் ஒக்காரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தோட்டமே பார்த்தது. சின்ன வயதில் என்னோடு முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் போய் உட்காரவில்லை. நேராக வெளியே வந்தேன். பால்மரக் காட்டுக்குள் நடந்தேன். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

உன் அப்பா என்னைத் தடுத்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அதை இன்றோடு விட்டுவிடு. அவர் லாரி ஓட்டின காலத்தில் பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசி ஏற்றப் போகும்போது சில சமயம் என்னையும் கூட்டிப்போவார். நீ அப்போது என் மடியில் இருந்தாய். வழியில் சிலுவை வைத்த ஒரு சின்னக் கோயில் வரும். அதைக் கண்டால் லாரியை ஓரம் கட்டுவார். "டயருல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருக்கு, பார்க்கறேன். நீ எறங்கி சும்மா ஒரு நடை நடந்துட்டு வா" என்பார். டயரில் காற்றெல்லாம் சரியாகத்தான் இருக்கும். "வேணாம், கெளம்புங்க" என்பேன் நான். அடுத்த வாரமும் அதே இடத்தில் டயர் பார்ப்பார். நானும் அதே பதிலைச் சொல்வேன். கடைசிவரை நான் இறங்கவில்லை. அது என் ரோஷம். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் உன் அப்பா. ஆகையால், நான் இப்போது கோயிலுக்குத் திரும்புவது அப்பாவுக்குச் செய்கிற துரோகம் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவரை உனக்கு அப்பாவாகத் தெரியும், எனக்குப் புருஷனாகத் தெரியும்.

சரி, இப்போது ஏன்? இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, இந்தப் பெர்மாஸ் ஜெயா வீட்டில் கட்டிலும் குளியலறையும் ஹாலும்தான் எனக்கு ஊர் என்று ஆனது. நடப்பதற்கு அந்த அலுமினியச் சட்டம். முதலில் சந்தை போனது, பிறகு பக்கத்துத் தாமான் வீடுகளில் இருக்கும் சிநேகிதிகள் போனார்கள், பிறகு கிழமை போனது. உனக்கு அது புரியாது. வேலைக்குப் போகிறவனுக்குத் திங்கள் திங்களாகவும் சனி சனியாகவும் வரும். வீட்டோடு கிடக்கிறவளுக்கு எல்லாம் ஒரே நாள். வெள்ளிக்கிழமை ஒன்றைத்தான் சாம்பாரின் வாசனையை வைத்து நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. கவிதாவுக்குக் கிளினிக்கில் வேலை அதிகம், ஓடிவந்தவள் கடையில் கோழிச்சோறு தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"அலமாக்! வெள்ளிக்கிழமை லா! மறந்தே போச்சு அத்தை. ஒரு நாளுதானே, சாமி மன்னிச்சுடும், சாப்பிடுங்க" என்றாள்.

"உன் சாமி மன்னிக்கும். என் சாமியை நான் கேக்கணும்" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது.

கவிதா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க சாமி யாரு அத்தை?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உங்களுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று கேட்பதுபோல் கேட்டாள். கல்யாணமாகி இந்த வயது வரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. சொன்னேன். தோட்டத்துக் கோயில், வரிசை, உபதேசியார் எல்லாம். அவள் சாப்பாட்டு நேரம் முடிந்தும் உட்கார்ந்திருந்தாள். பிறகு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனாள். அங்கே அவளோடு கவுண்டரில் வேலை செய்கிற பெண் கத்தோலிக்கப் பெண். அவள் மூலமாகத்தான் ரோஸ்லின் வந்தாள். ரோஸ்லின் மூலமாகச் சாமியார் வந்தார். உன் மனைவி யாரையும் மதம் மாற்றவில்லை, யாரும் அவளை மதம் மாற்றவும் இல்லை. மாமியாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள், அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்காக நீ அவளோடு மூன்று நாள் பேசாமல் இருந்தது அசிங்கம். இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்லும் புத்திமதி ஒன்று இருந்தால் அது இதுதான்: உன் அம்மாவின் மேல் இருக்கும் கோபத்தை உன் மனைவியின் தட்டில் பரிமாறாதே.

சாமியார் உன்னைவிடச் சின்னவர். பாவசங்கீர்த்தனம், அதாவது என் பாவ அறிக்கை, கேட்க வந்தார். கவிதா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். "ஃபாதர், என் கல்யாணத்துக்காக வருத்தப்படச் சொன்னா நான் மாட்டேன். நல்ல மனுஷன். நல்லா வாழ்ந்தோம். அதைப் பாவம்னு என் வாயால சொல்ல வைக்காதீங்க. வேற எதை வேணும்னாலும் கேளுங்க." அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அவரை நேசிச்சதுக்கு யாரும் உங்களை வருத்தப்படச் சொல்லலம்மா. இவ்வளவு காலம் நன்மை வாங்காம இருந்தீங்களே, அந்தப் பசிக்காக மட்டும் வருத்தப்படுங்க" என்றார். அதற்கு நான் வருத்தப்பட்டேன் குமரா. நன்றாகவே வருத்தப்பட்டேன். நீ ஒருநாள் வேலை முடிந்து வந்து, "என்னம்மா கண்ணு வீங்கியிருக்கு?" என்று கேட்டாயே, வெங்காயம் என்றேனே, அது அந்த நாள்.

இனி சிமிழ் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேள்விப்பட்டது வேறு, நடந்தது வேறு. நீ கேட்டை மூடினதற்கு முந்தின ஞாயிறு அது, நீ உன் முருகன் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தாய். ரோஸ்லின் அவசரத்தில் காரை எதிர்வீட்டுச் சீனக் கிழவரின் வாசலை மறித்து நிறுத்திவிட்டாள். இங்கே மேசையில் சிமிழை எடுத்து வைத்து, புத்தகத்தைப் பிரிக்கிறாள், அங்கே ஹாரன். பிறகு கிழவரின் குரல், இது யார் கார் என்று மலாயில் கத்துகிறார். நன்மையை அப்படி வைத்துவிட்டு நகரக்கூடாது, அவளுக்கும் தெரியும். "அக்கா, கண்ணை எடுக்காம பார்த்துக்குங்க, இதோ வந்துட்டேன்" என்று ஓடினாள். அந்த நேரம் பார்த்துப் பாப்பா பந்தோடு ஹாலுக்குள் ஓடிவந்தாள். மேசை ஆடியது. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த கவிதா பாய்ந்து வந்து, அந்தச் சின்னத் தங்கநிறச் சிமிழை இரண்டு கையாலும் எடுத்தாள். எங்கே வைப்பது என்று ஒரு வினாடி யோசித்தாள். எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்தாள். முருகனுக்கும் உன் அப்பா படத்துக்கும் நடுவில். வைத்தவள், காலையில் பறித்த செம்பருத்தி ஒன்றை எடுத்து அதன்மேல் சாத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரோஸ்லின் திரும்பி வந்து வெறும் துணியைப் பார்த்தாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அக்கா! எங்கக்கா? எங்க போச்சு?" என்றாள், குரல் கீச்சென்று போனது. பாப்பாதான் விரலை மேலே நீட்டி, "சாமி, சாமி வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள். ரோஸ்லின் மாடத்தைப் பார்த்தாள், செம்பருத்தியைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நான் ஃபாதருக்கு என்ன சொல்லுவேன்... அங்க போய் வைக்கலாமா..." என்று புலம்பினாள். கவிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "தரையிலயா வச்சேன் ஆன்ட்டி? எங்க வீட்டுலயே ஒசந்த எடம் அதுதானே" என்றாள். அப்போது நான் சொன்னேன்: "ரோஸ்லின், விட்டுட்டுப் போனது நீ. தூக்கி வச்சது அவ. ஃபாதர்கிட்ட சொல்றதா இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லு." ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, செருப்புப் போடாமல் ரோட்டுக்கு ஓடிய காலைப் பாவாடையில் ஒருதரம் துடைத்துக்கொண்டு மாடத்தின் முன்னால் மண்டியிட்டாள். முருகனுக்கு இல்லை, அவளுடைய கடவுளுக்கு. பூவை எடுத்துக் கவிதாவின் கையில் கொடுத்துவிட்டு, சிமிழை எடுத்து வந்து எனக்கு நன்மை கொடுத்தாள். நடந்ததைச் சாமியாரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். இனிமேல் காரை ஒழுங்காக நிறுத்து என்று சொன்னாராம்.

கவிதா அதைச் சிரிப்புக் கதையாகத்தான் உன்னிடம் சொன்னாள். நீ சிரிக்கவில்லை. "அப்பா படத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சாங்களா? இன்னிக்கு மாடம், நாளைக்கு பாப்பாவா?" என்றாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இந்த நாட்டில் மதம் என்றால் குடும்பங்கள் எப்படிப் பிய்ந்துபோகின்றன என்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ என்னைப் பார்த்து அப்படிப் பயப்படலாமா? தைப்பூசத்துக்கு உன் அப்பா முதுகில் அலகு குத்தும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். உன் முதல் காவடிக்கு எலுமிச்சம்பழமும் தண்ணீரும் சுமந்து மலைப்படி ஏறியவள் நான். உங்கள் சாமி என்னை என்ன செய்துவிடுமோ என்று நான் ஒருநாளும் பயப்படவில்லை. என் சாமியைப் பார்த்து நீ ஏன் பயப்படுகிறாய்? சாமியை நீ காவல் காக்க வேண்டியதில்லை. முருகனுக்கு வேல் இருக்கிறது, உன் கேட் எதற்கு?

அந்த ராத்திரிச் சண்டையில் கடைசியாக நீ கேட்டது ஒன்றுதான் எனக்கு வலித்தது. "அப்பாவை எரிச்சு கடல்ல கரைச்சோம். உங்களை மண்ணுல வைக்கணும்பாங்க. கொள்ளி வைக்கற உரிமைகூட எனக்கு இல்லையா? அவரு கடல்ல, நீங்க மண்ணுல, நான் எங்க வந்தும்மா கும்பிடறது?" என்றாய். அதுதான் உன் உண்மையான கேள்வி என்று அப்போது தெரிந்தது. மற்றதெல்லாம் கமிட்டிக்காரன் பேச்சு, இது என் பிள்ளையின் பேச்சு. அதற்குப் பதில் வைத்திருக்கிறேன். ஆமாம், என்னை மண்ணில்தான் வைக்க வேண்டும். முதல் பிடி மண்ணை நீதான் போட வேண்டும், அது உன் உரிமை, வேறு யாருக்கும் நான் தரவில்லை. திருநீறு பூசிய நெற்றியோடு வந்து போடு, சாமியார் ஒன்றும் சொல்லமாட்டார், சொன்னால் நான் எழுந்து வந்து பேசிக்கொள்கிறேன். உன் அப்பாவைக் கும்பிடக் கடற்கரைக்குப் போ, என்னைக் கும்பிடக் கல்லறைக்கு வா. ஜோகூரில் கடலும் மண்ணும் அவ்வளவு தூரத்தில் இல்லை. வேறு வேறு சாமியைக் கும்பிட்டுக்கொண்டே ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவர்கள் நாங்கள். வேறு வேறு இடத்தில் கிடந்தால் பிரிந்துபோய்விட மாட்டோம்.

ஆனால் செத்த பிறகு நடப்பதைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற நீ, உயிரோடு இருக்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் கொஞ்சம் யோசி. எனக்கு இந்த வாரம் நன்மை வேண்டும். இது கிழவியின் பொழுதுபோக்கு இல்லை. வீட்டோடு கிடக்கிற அம்மாவுக்கு மருந்து கொடுக்கிறோம், சோறு கொடுக்கிறோம், ஆகவே அவளுக்கு எந்தச் சாமி என்பதையும் நாமே முடிவு செய்யலாம் என்று நினைக்கிற பிள்ளை நீ ஒருவன் மட்டும் இல்லை. இந்தத் தாமானில் ஒவ்வொரு ரோட்டிலும் கேட்டுக்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். ஒருத்திக்குப் பூசைக்குப் போக ஆசை, ஒருத்திக்கு அம்மன் கோயிலுக்கு. கூட்டிப்போக ஆள் இல்லை என்பது வேறு. வருகிறதையும் தடுப்பது வேறு. வேண்டுமானால் இந்தக் கடிதத்தை உன் கமிட்டியில் படித்துக் காட்டு. உன் தங்கைக்கும் அனுப்பு. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, எழுதி முடிக்கும்வரைதான் மெத்தை.

ஒருதரம் என்னை அந்த வரிசையிலிருந்து கையைப் பிடித்து விலக்கினார்கள். நான் ரோஷப்பட்டு நடந்துவிட்டேன். யாருக்கு நஷ்டம்? விலக்கியவருக்கா? அவர் அடுத்த மாதமும் மணி அடித்தார். பட்டினி கிடந்தது நான். இப்போது என் மகன் அதையே கேட்டில் நின்று செய்கிறான். இந்தத் தடவை எனக்கு ரோஷம் வரவில்லை குமரா. இந்தத் தடவை நான் எங்கேயும் நடந்துபோவதாக இல்லை.

ரோஸ்லினுக்கு நேற்று போன் போட்டேன். "வீட்டுக்காரரு வேணாம்னு சொன்ன பிறகு நான் உள்ள வர முடியாதுக்கா, அது முறையில்ல" என்றாள். சரியான பேச்சு. வீடு உன்னுடையது, உன் பேரில் இருக்கிறது, கடனை நீ கட்டுகிறாய். அதில் யாரை விடுவது என்பது உன் இஷ்டம், நான் மல்லுக்கு நிற்கவில்லை. "உள்ள வராதே, நான் வெளிய வர்றேன்" என்றேன். கேட்டுக்கு வெளியே இருப்பது ரோடு. அது நகராட்சி மஜ்லிஸுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வரும் நேரத்துக்கு ரோட்டு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டுக் கிழவர் பார்க்கட்டும், மலாய்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும், உன் கமிட்டிக்காரர்கள் காரில் போகும்போது பார்க்கட்டும். வெயிலாக இருந்தால் குடை பிடித்துக்கொள்வேன். அங்கே வைத்து வாங்கிக்கொள்கிறேன்.

ஹாலிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு இரண்டு படி இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து நான் இறங்காத படிகள். கவிதாவிடம் கைகொடுக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை, உங்களுக்குள் இன்னொரு சண்டை எனக்கு வேண்டாம். நேற்று யாரும் இல்லாதபோது சட்டத்தைப் படி ஓரம்வரை தள்ளிக்கொண்டுபோய் நின்று பார்த்தேன். இறங்க முடியவில்லை. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் படியில் பின்பக்கத்தை வைத்து நகர்ந்து, இரண்டாவதற்கு வந்தேன். வலித்தது. மூச்சு வாங்கியது. சேலை எல்லாம் தூசி. ஆனால் இறங்கிவிட்டேன். திரும்ப ஏறுவதற்குத்தான் வெகு நேரம் ஆனது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் கீழே இறங்குவது உறுதியாகிவிட்டது. உட்கார்ந்தபடி இறங்குவேனா, உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இறங்குவேனா என்பது மட்டும் பாக்கி. கமிட்டிக் கூட்டத்துக்குப் போவதா, படிக்குப் பக்கத்தில் நிற்பதா என்று நீ யோசித்துக்கொள்.

அம்மா